சனிக்கிழமை வகுப்பு

என் பொண்ணு இல்லீங்க ஐயா. போளூர்ல ஏறினதிலிருந்து இதையே மூணு பேரு கேட்டுட்டாங்க. முன்னாடி ஜன்னலோரமா புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அது பேரு யுவராணி. பக்கத்துல இருக்கிறது அதோட அம்மா, காசியம்மா. ரெண்டு பேருமே எனக்குச் சொந்தம் கிடையாது. நான் கம்பெனிக்காரன், பேரு ஏழுமலை. அந்தப் பொண்ணு எங்க கம்பெனியில அப்ரன்டிஸ். அந்தம்மா அப்பப்போ திரும்பி என்னைப் பாக்குறாங்க, கவனிச்சீங்களா? நடுவுல எங்கயாவது எறங்கி ஓடிருவேனோன்னு சந்தேகம்.

நாலு பேருக்கு நல்லது பண்ணப் போனா நம்ம நெலைமை எப்படி ஆகுதுன்னு பாருங்க. நீங்க காஞ்சிபுரம் வரைக்கும் வரீங்களா? அப்ப நேரம் இருக்கு, சொல்றேன்.

காருக்குள்ள கொத்துக் கொத்தா வயர் ஓடும். ஹெட்லைட்டுக்கு, ஹாரனுக்கு, கண்ணாடி ஏத்தி எறக்குறதுக்கு, எல்லாத்துக்கும் வயர். அந்த வயரை அளவு பாத்து வெட்டி, முனையில பித்தளைப் பின்னை அழுத்தி, கொத்தாக் கட்டி, கார் கம்பெனிக்குக் குடுக்கிறதுதான் எங்க வேலை. ஒரகடம் பக்கம் ஃபேக்டரி. லைன்ல நிக்கிறது முழுக்கப் பொண்ணுங்க. விரல் சுறுசுறுப்பு வேணும், பொறுமை வேணும், ஆம்பளைங்களுக்கு அது ரெண்டும் வராது. அந்தப் பொண்ணுங்களை ஊர் ஊராப் போய் கூட்டிக்கிட்டு வர்றது நான். ஆள் பிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. என் கார்டுல வேற மாதிரி, நல்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசா ஒரு திட்டம் வந்துச்சு. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களை அப்ரன்டிஸா எடுக்கணும். அஞ்சு நாள் லைன்ல வேலை, ஆறாவது நாள் வகுப்பு. மாசா மாசம் கையில பணம், தங்க ஹாஸ்டல், சாப்பாடு. மூணு வருஷம் முடிஞ்சா டிப்ளமோ. ஒரு பாலிடெக்னிக்கோட பேசி வச்சிருந்தாங்க, பரீட்சையை அங்க போய் எழுதணும். சம்பாரிச்சுக்கிட்டே படிக்கலாம், படிச்சுக்கிட்டே சம்பாரிக்கலாம். இந்த வாக்கியம் நான் எழுதினதுதான். எங்க நோட்டீஸ்ல பெரிய எழுத்துல இருக்கும்.

இதைச் சொல்றதுக்குப் போளூர் பக்கம் ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குப் போனேன். மரத்தடியில பொண்ணுங்களும் அம்மாக்களும் உக்காந்திருந்தாங்க. நான் நல்லாப் பேசுவேன், ஐயா. நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா பேசுவேன். பேசி முடிச்சதும் ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்கன்னேன். யாரும் கேக்க மாட்டாங்க, அது ஒரு வழக்கத்துக்குச் சொல்றது. ஒருத்தி எழுந்து நின்னா. ஒல்லியா, எண்ணெய் வச்சு இழுத்துச் சீவிக்கிட்டு.

"சார், வகுப்பு எந்தக் கிழமை?"

எனக்கு அதுவரைக்கும் யாரும் கிழமை சொல்லலை. வாயில வந்ததைச் சொன்னேன். "சனிக்கிழமைம்மா."

"எல்லா சனிக்கிழமையுமா சார்?"

"எல்லா சனிக்கிழமையும்தான்."

சரின்னு உக்காந்துட்டா. அப்புறம் அவ அம்மா எழுந்தாங்க. "ஏங்க, அங்க போறது வேலைக்கா படிப்புக்கா? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டும்னா, ரெண்டும் அரைகுறையாவா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டும் முழுசாத்தான்னு சொன்னேன். அந்தம்மா சிரிக்கலை. அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்.

யுவராணியோட சேர்ந்து ஒரு பஸ் நிறையப் பொண்ணுங்க வந்தாங்க. முதல் ஒரு மாசம் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பாலிடெக்னிக்லருந்து ஒரு வாத்தியார் வந்து போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போவாரு. அப்புறம் பெரிய ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. புது மாடல் கார். எங்க பிளான்ட் ஹெட் சுந்தரவரதன் சார் என்னைக் கூப்பிட்டு, "இந்த சனிக்கிழமை லைன் ஓடணும்"னாரு. ஓட்டினோம். அடுத்த சனிக்கிழமையும் ஓட்டினோம். வாத்தியார் ரெண்டு வாரம் வந்து டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போனாரு, மூணாவது வாரம் வரலை. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

இதுல நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லுங்க. ஃபேக்டரின்னா ஆர்டர் வரும்போது ஓடித்தான் ஆகணும். படிப்பு எங்க ஓடிப் போயிரப் போகுது? அதுவும் அந்தச் சனிக்கிழமைகளுக்கு நான் அவங்களுக்கு வடை ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன். யாரு பண்ணுவா?

யுவராணி மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் என் கேபின் வாசல்ல வந்து நிப்பா. "சார், நாளைக்கு வகுப்பு உண்டா சார்?"

"இந்த வாரம் மட்டும் இல்லம்மா."

"போன வாரமும் இந்த வாரம் மட்டும்னு சொன்னீங்க சார்."

மரியாதையாத்தான் கேப்பா. குரலை உசத்த மாட்டா. அதுதான் கஷ்டம். சண்டை போட்டா நாமளும் போடலாம். மாசக் கடைசியில, நடக்காத வகுப்புக்கு நடந்த மாதிரி கையெழுத்து வாங்கச் சொன்னாங்க. எல்லாப் பொண்ணுங்களும் போட்டுட்டாங்க. இவ பேனாவைக் கையிலேயே வாங்கலை. "நான் உக்காரவே இல்லையே சார்"னா. நானும் சரி போன்னு விட்டுட்டேன். பெருந்தன்மைதான், வேற என்ன.

இப்படியே போய்க்கிட்டிருக்கும்போது கார் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வரப் போறாங்கன்னு தகவல் வந்துச்சு. ஆடிட்னா கணக்குப் பாக்குறது இல்லீங்க. ஃபேக்டரியைச் சுத்திப் பாத்து, வேலை எப்படி நடக்குது, ஆளுங்களுக்கு என்ன பயிற்சி குடுக்கிறாங்கன்னு கேப்பாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா ஆர்டர் அம்பேல். அவங்க வர்ற நாளும் ஒரு சனிக்கிழமையாப் போச்சு. நான் முந்தின நாளே எல்லாப் பொண்ணுங்களையும் நிக்க வச்சு விவரமாச் சொன்னேன். நாளைக்குப் பத்தரை மணிக்குக் கஸ்டமர் வராங்க, யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டுக்கணும், தலைக்கு வலை மாட்டிக்கணும், முக்கியமா யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. யுவராணிதான் முதல்ல ஆட்டினா.

மறுநாள் பத்து மணிக்கு டீ பிரேக். டீ குடிச்சுட்டு எல்லாரும் லைனுக்குத் திரும்பணும். திரும்பலை. லைன் ஆளில்லாம ஓடுது, வயர் கட்டுற பலகை ஒவ்வொண்ணா வெறுமனே போய்க்கிட்டிருக்கு. நான் ஓடிப் போய்ப் பாக்குறேன். அத்தனை பேரும் ட்ரெயினிங் ரூம்ல பெஞ்சுல உக்காந்திருக்காங்க. துவைச்ச யூனிஃபார்ம், தலையில வலை, முன்னாடி புத்தகம் திறந்திருக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலை. நான் சொன்ன மாதிரியே.

"என்னம்மா இது?"

யுவராணி மட்டும் எழுந்து நின்னா. "சனிக்கிழமை சார்."

"சனிக்கிழமைன்னா?"

"வகுப்பு சார். எல்லா சனிக்கிழமையும்னு நீங்கதான் சொன்னீங்க."

நல்ல வார்த்தையில சொல்லிப் பாத்தேன். இன்னைக்கு மட்டும் போங்கம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னேன். அசையலை. சரின்னு ஒரு யோசனை பண்ணி, காசியம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா திட்டினா பொண்ணு எழுந்துருவான்னு ஒரு கணக்கு. ஸ்பீக்கர்ல வேற போட்டுட்டேன்.

"அம்மா, உங்க பொண்ணு வேலை செய்ய மாட்டேன்னு உக்காந்திருக்கு."

"எங்க உக்காந்திருக்கு?"

"வகுப்புல."

"இன்னைக்கு என்ன கிழமை?"

பொண்ணுங்க எல்லாரும் சேர்ந்து, "சனிக்கிழமை"ன்னு சொன்னாங்க.

"அப்ப சரியாத்தானே உக்காந்திருக்கு. வாத்தியாரை வரச் சொல்லுங்க"ன்னுட்டு அந்தம்மா வச்சுட்டாங்க.

அந்த நேரம் பாத்து சுந்தரவரதன் சாரும் ஆடிட்டர் மேடமும் உள்ள வராங்க. மேடம் குள்ளமா, முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு, மெதுவாப் பேசுறவங்க. பெஞ்சு நிறையப் பொண்ணுங்களையும் திறந்திருக்கிற புத்தகத்தையும் பாத்தாங்க. அவங்க முகம் மலர்ந்து போச்சு. "அட, உற்பத்தி நேரத்துல வகுப்பா? பல இடத்துல பேப்பர்லதான் இது நடக்கும். யாரு எடுக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க.

சுந்தரவரதன் சார் ஒரு நொடி என்னைப் பாத்தாரு. "ஏழுமலை எடுக்கிறாரு. எல்லா சனிக்கிழமையும்"னாரு.

"எடுங்க எடுங்க, நான் தொந்தரவு பண்ணலை"ன்னு மேடம் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துட்டாங்க.

நான் பி.ஈ. மெக்கானிக்கல், ஐயா. படிச்சு முடிச்சுப் பன்னண்டு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் நான் தொட்ட ஒரே இயந்திரம் என் பைக்குதான். இவங்க புத்தகத்துல திறந்து வச்சிருக்கிறது எலக்ட்ரிகல். போர்டுகிட்டப் போனேன். சாக்பீஸ் எடுத்தேன். பெருசா ஒரு வி போட்டேன், சமம்னு ரெண்டு கோடு போட்டேன், பக்கத்துல ஐ, ஆர். ஓம் விதி. வோல்டேஜுங்கிறது கரண்டையும் தடையையும் பெருக்கினா வர்றதுன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. அதையே வேற வேற மாதிரி, தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை, மெதுவா ஒரு தடவை சொன்னேன். யுவராணி கையைத் தூக்கினா. "ஏன் சார் அப்படி?"

ஏன்னா என்ன சொல்றது? அது அப்படித்தான். நல்ல கேள்வி, எல்லாரும் கைதட்டுங்கன்னேன். தட்டினாங்க. மேடமும் தட்டினாங்க.

ஆடிட் பாஸ். ஆனா மேடம் போகும்போது சனிக்கிழமை வகுப்பைத் தனியாக் குறிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த தடவையும் சனிக்கிழமையாப் பாத்து, சொல்லாம வருவேன்னு வேற சொன்னாங்க. சுந்தரவரதன் சார் அன்னைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நீதானே எடுக்கிறே, இனிமே எடு"ன்னாரு. அவ்வளவுதான். ஒரு பொண்ணு யோசிக்காம, ஆடிட் நாள்ங்கிறதுகூட ஞாபகம் இல்லாம, போய் ஒரு இடத்துல உக்காந்ததுக்கு, என் சனிக்கிழமை எல்லாம் போச்சு. நான் எவ்வளவு விவரமா முந்தின நாளே சொன்னேன், அதையும் மறந்திருக்கா பாருங்க. கிராமத்துப் பொண்ணு, வெகுளி.

அப்புறம் என்ன, படிக்க ஆரம்பிச்சேன். வீட்ல சமையக்கட்டு மேடையில புத்தகத்தை வச்சுக்கிட்டுக் காலையில படிப்பேன். என் சம்சாரம் தோசை வார்த்துக்கிட்டே, "பாஸாயிருவீங்களா?"ம்பா. கிண்டல். முதல் ரெண்டு மூணு வகுப்பு நான் படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். பொண்ணுங்க பாதிப் பேரு கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவாங்க. வாரம் முழுக்க நின்னுட்டு வந்திருக்காங்கல்ல.

ஒரு சனிக்கிழமை, எனக்கும் அலுத்துப் போய், லைன்லருந்து ரெண்டு வயர் எடுத்துக்கிட்டு வரச் சொன்னேன். ஒண்ணு பின் நல்லா அழுத்தினது, ஒண்ணு லூசா அழுத்திக் கழிச்சுப் போட்டது. ரெண்டுலயும் ஒரு பேட்டரியும் பெரிய பல்பும் மாட்டினேன். கொஞ்ச நேரம் எரிய விட்டுத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். யுவராணி தொட்டுட்டுக் கையை எடுத்துக்கிட்டா. "லூசா இருக்கிற இடம் மட்டும் சுடுது சார்."

"ஏன் சுடுது?"

நான்தான் கேட்டேன். கேட்டப்புறம்தான் தோணுச்சு, அதுக்குப் பதில் எனக்கே தெரியாதேன்னு. அவ யோசிச்சா. போர்டைப் பாத்தா, வயரைப் பாத்தா. "அங்க ஆர் ஜாஸ்தி சார். கரண்டு போகக் கஷ்டப்படுது. அந்தக் கஷ்டம்தான் சூடு." அப்புறம் மெதுவா, "அதான் சார் லைன்ல பின்னை நல்லா அழுத்து, நல்லா அழுத்துன்னு கத்துறாங்களா? லூசா இருந்தா வண்டியே தீப்பிடிக்குமா? ஏன்னு யாரும் சொல்லவே இல்ல சார்"னா.

மத்த பொண்ணுங்க எல்லாம் எழுந்து வந்து வயரைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. இவ்வளவு நாளா விரல்ல பண்ணிக்கிட்டிருந்ததை அன்னைக்குத்தான் பாத்த மாதிரி. எனக்கு என்னமோ நெஞ்சுல அடைச்ச மாதிரி ஆயிருச்சு. மத்தியானம் கேன்டீன்ல உருளைக்கிழங்கு, அது எனக்கு ஒத்துக்காது.

அப்படியே பரீட்சை வந்துச்சு. அது வந்த நேரம் பாத்து மறுபடியும் அவசர ஆர்டர். சுந்தரவரதன் சார் கூப்பிட்டு, "பாதிப் பேரை அனுப்பு, மீதிப் பேரு அடுத்த தடவை எழுதட்டும். யாரு யாருன்னு நீயே முடிவு பண்ணு"ன்னாரு. அடுத்த தடவைன்னா ஆறு மாசம். நான் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். யாரை விடுறது? ஜெனிபரை விடலாம்னா, அவ பரீட்சைக்குன்னு தங்கச்சி கல்யாணத்துக்கே போகலை. ஷகிலாவை விடலாம்னா, அவ வகுப்புல தூங்கினாலும் பேட்டரி வயரைக் கையிலருந்து விடாதவ. யுவராணியை விடலாம்னா, மறுபடியும் எங்கயாவது போய் உக்காந்துக்குவா. எனக்கு இருக்கிற வேலையில பேரு பிரிக்க நேரமே கிடைக்கலை. அதனால எல்லாரையும் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன். நேரம் இல்ல, அதான் காரணம். வேற ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

லைன் நிக்கக் கூடாதில்ல, அதுக்கு ஆபீஸ் ஆளுங்களை எறக்கினேன். அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், எல்லாரையும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கிட்டு வந்து நிக்க வச்சேன். நானும் நின்னேன். ஒரு வாரம் வயர் கட்டினேன், ஐயா. சாயங்காலம் ஷூவைக் கழட்ட முடியலை, காலு அப்படி வீங்கிருச்சு. வீட்டுக்குப் போனதும் படுத்துருவேன், புத்தகத்தைப் பாக்கவே பிடிக்காது. அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் இல்ல, சின்ன வயசு, தாங்கும்.

சுந்தரவரதன் சாருக்குச் சரியான கோபம். ஆர்டர் எப்படியோ போய்ச் சேர்ந்துருச்சு, ஆனாலும் கோபம். சீனியர் மேனேஜர் போஸ்ட் எனக்குத்தான்னு ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்குப் பின்னாடி சேர்ந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. பேரு பிரிக்க நேரம் இல்லாததுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? நீங்களே சொல்லுங்க.

போன வாரம், பொங்கல் லீவுல எல்லாரும் ஊருக்குப் போயிருந்தப்ப, ரிசல்ட் வந்துச்சு. அநேகமா எல்லாரும் பாஸ். தூங்குற ஷகிலாகூட பாஸ். யுவராணி மட்டும் ஒரு பேப்பர்ல ஃபெயில். எந்தப் பேப்பர்னு நெனைக்கிறீங்க? என் பேப்பர், எலக்ட்ரிகல்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன் போட்டேன். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

"ஏ.சி. கரண்டுலருந்து ரெண்டு பெரிய கேள்வி வந்துச்சு சார். நீங்க அதை நடத்தலை."

உண்மைதான், அந்த ஒரு பாடத்தை நான் விட்டுட்டேன். எனக்கே புரியலை. எனக்குப் புரியாதது பரீட்சையில வராதுன்னு ஒரு நம்பிக்கை. மத்தவங்க எல்லாம் கைடைப் பாத்து மனப்பாடம் பண்ணி எழுதிட்டாங்களே, நீயும் எழுத வேண்டியதுதானேன்னேன். "புரியாம எப்படி சார் எழுதுறது?"ங்கிறா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், அம்மா இனிமே அனுப்ப மாட்டேங்குறாங்க"ன்னா.

நேத்துக் காலையில போளூருக்கு பஸ் ஏறினேன். லீவு போட்டுட்டு எல்லாம் இல்ல, கம்பெனி வேலையாத்தான். அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் பாக்க வேண்டியிருந்தது. ஸ்கூலுக்குப் போக நேரம் வாய்க்கலை, அது வேற விஷயம். ராத்திரி லாட்ஜ்ல தங்கிட்டு, இன்னைக்கு விடிஞ்சதும் அவங்க வீட்டுக்குப் போனேன்.

காசியம்மா வாசல்ல வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க, இந்தப் பக்கம் மல்லாட்டைம்பாங்க. உக்காருங்கன்னாங்க. உரிக்கிறதை நிறுத்தலை. நான் ஆரம்பிச்சேன், கம்பெனி வளர்ச்சி, எதிர்காலம், டிப்ளமோ முடிச்சா சூப்பர்வைசர்னு எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு அந்தம்மா பேசினாங்க.

"செய்யாறுல ஷூ கம்பெனி இருக்கு. வேன் வாசலுக்கே வருது. உங்க கம்பெனியில குடுக்கிறதை அங்கயும் குடுக்கிறாங்க. பொழுது சாஞ்சா எம் பொண்ணு வீட்டுக்கு வந்துருவா, நான் ரசம் வச்சு வச்சிருப்பேன். இதை எல்லாம் விட்டுட்டு எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பினேன்? வேலைக்கா? வேலை இங்கயே இருக்கு. நீங்க படிப்புன்னு சொன்னீங்க, அதுக்குத்தான் அனுப்பினேன்."

"ஒரு பேப்பர்தாம்மா ஃபெயில்."

"எம் பொண்ணு ஃபெயிலா, நீங்க ஃபெயிலா?"

யுவராணி உள்ளேயிருந்து, "அம்மா"ன்னா. அந்தம்மா கண்டுக்கலை. மல்லாட்டையை உரிச்சுப் போடுறதும் என்னைப் பாக்குறதுமா இருக்காங்க. நான் இந்த வேலையில எத்தனையோ அம்மாக்கள்கிட்டப் பேசியிருக்கேன், ஐயா. எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். இன்னைக்குக் காலையில என்னன்னு தெரியலை, உண்மைதான் வாயில வந்துச்சு. "அந்தப் பாடத்தை நான் நடத்தலைம்மா"ன்னேன்.

"எப்ப நடத்துவீங்க?"

"நாளைக்கே நடத்துறேன். நாளைக்குச் சனிக்கிழமை."

அந்தம்மா கையைத் தட்டிக்கிட்டு எழுந்தாங்க. மல்லாட்டைத் தோல் எல்லாம் புடவையிலருந்து உதிருது. "சரி, நானும் வரேன். நீங்க நடத்துறதை உக்காந்து பாக்குறேன். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா ஒருத்தர் சொல்லிக் குடுக்கிறாரா, ஒப்பிக்கிறாரான்னு எனக்குத் தெரியும். சரியா இருந்தா விட்டுட்டு வரேன். இல்லைன்னா அவளைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்"னாங்க. உள்ள போய் புடவை மாத்திக்கிட்டு, ஒரு பையில துணியும் மல்லாட்டையும் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. யுவராணி பையை முன்னாடியே கட்டித்தான் வச்சிருந்தா.

இதுதான் கதை. இப்ப சொல்லுங்க, இது என் வேலையா? நான் ஆள் எடுக்கிறவன். அந்தப் பொண்ணு அந்த ஒரு பேப்பரை எழுதி முடிச்சா எனக்கு என்ன, முடிக்கலைன்னா எனக்கு என்ன? போயிட்டாலும் வேற பொண்ணு கிடைக்கும். ஆனா நாளைக்கு அந்தம்மா கடைசி பெஞ்சுல உக்காரப் போறாங்க. கார் கம்பெனி மேடம் உக்காந்தப்பகூட எனக்கு இவ்வளவு பயம் இல்ல.

ரெண்டு நாளா லாட்ஜ்லயும் பஸ்லயும் அதையேதான் படிக்கிறேன். இப்ப ஓரளவுக்குத் தெரியுது. ஆனா சொல்ல வரலை. பேட்டரியில கரண்டு ஒரே பக்கமாப் போகும், அது சுலபம், யாருக்கும் சொல்லிரலாம். வீட்டுக்கு வர்ற கரண்டு அப்படி இல்லீங்க. முன்னாடி போகும், உடனே பின்னாடி வரும், மறுபடி முன்னாடி, மறுபடி பின்னாடி. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள எத்தனையோ தடவை. எங்கேயும் போய்ச் சேர்றதே இல்ல. அப்ப அந்தம்மா என்ன கேப்பாங்க? எங்கேயும் போகாத கரண்டு எப்படிய்யா வேலை செய்யும்னு கேப்பாங்க. கேப்பாங்களா இல்லையா? நீங்களே கேக்குறீங்க பாருங்க.

நீங்க என்ன தொழில் பண்றீங்க, ஐயா? மரக்கடையா? வாலிபத்துல நீங்களே மரம் அறுத்திருக்கீங்களா, மெஷின் வர்றதுக்கு முன்னாடி? ஆளுக்கொரு பக்கம் நின்னு இழுப்பாங்களே, அந்தப் பெரிய ரம்பம்?

இருங்க. கொஞ்சம் இருங்க. ரம்பம் உங்க பக்கம் வருது, அப்புறம் அந்தாளு பக்கம் போகுது. உங்க பக்கம், அவர் பக்கம். ரம்பம் எங்கேயும் போகலை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் இருக்கு. ஆனா மரம்? மரம் அறுந்து போச்சுல்ல. வேலை நடந்துருச்சுல்ல. ரெண்டு பக்கம் இழுக்கும்போதும் அறுக்குதுல்ல.

ஐயா, உங்க தோள் துண்டைக் கொஞ்சம் குடுங்க. யுவராணி, இப்படித் திரும்பும்மா. அம்மாவையும் திரும்பச் சொல்லு. நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே பாத்துரட்டும். நீங்க அந்த முனையைப் பிடிங்க ஐயா, நான் இந்த முனை. துண்டுதான் ரம்பம், நடுவுல இந்தச் சீட்டுக் கம்பிதான் மரம்.

ம், இழுங்க.